லிஃப்டில் ஏறிய பசுவின் பூர்வீகம்

அதிர்ச்சி அடைவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஒரகடத்தில் ஓர் உதிரி பாகக் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு அது அடிப்படைத் தகுதி. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று டிப்ளமோ முடித்து வந்தவர்களுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்து, வருடா வருடம் வாயடைத்துப் போகிறவன் நான். இருந்தும் ஒரு மாட்டின் படத்தைப் பார்த்துக் காபியைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

படம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாடுகள். இடது பக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பசு. கருப்பு, குட்டை, கொம்பில்லாத தலை, நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு எங்கள் லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. வலது பக்கம் ஆஸ்திரேலியாவில் ஏதோ புல்வெளியில் நிற்கும் மாடு. அதுவும் கருப்பு, குட்டை, கொம்பில்லாத தலை. குங்குமம் மட்டும்தான் இல்லை. கீழே வாசகம்: ‘நம்ம லிஃப்ட் மாடு லோலைன் வகை, ஃப்ரெண்ட்ஸ். பக்கா பீஃப் பிரீட். அங்க இருந்தப்ப நானே பார்பெக்யூல சாப்ட்ருக்கேன்.’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சி.

அனுப்பியவர் இரண்டாம் மாடிக்காரர். ஆஸ்திரேலியாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இங்கே ஒரு கார் கம்பெனிக்குத் திரும்பி வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. தனக்குத் தெரிந்த ஒன்று உலகத்துக்கும் தெரியட்டும் என்ற நல்லெண்ணம் மட்டுமே அவருடைய வியாதி.

எங்கள் குழுவில் பொதுவாக எதைப் போட்டாலும் உடனே நாற்பது பேர் கும்பிடுவார்கள். அன்று யாரும் கும்பிடவில்லை. வெகுநேரம் கழித்து ஒருவர் கேட்டார்: ‘அப்ப எங்க வீட்டுக்குள்ள வந்தது?’

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுவீடு புகும்போது முதலில் பசு நுழைய வேண்டும் என்பது நம் வழக்கம். தனிவீடு என்றால் பிரச்சினையில்லை. பசுவும் வரும், கன்றும் வரும், கூப்பிடாத நாயும் வரும். எங்களுடையது பிள்ளைப்பாக்கம் பக்கத்து வயல்களில் எழும்பிய ஆறு மாடிக் கட்டடங்கள். ஒரு பிளாக் முடிந்து அடுத்தது எழும்பிக்கொண்டே இருக்கும். வருஷம் முழுக்க யாராவது பால் காய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். சாதாரண மாடு லிஃப்டில் நுழையாது. படியேறும், ஆனால் இறங்காது. மேலேயே ஒரு ஃபிளாட் வாங்கிக் குடியேறிவிடுகிறேன் என்று நிற்கும். ஆகவே எங்களுக்கு வேண்டியது லிஃப்ட் அளவில் ஒரு தெய்வம்.

அதை வைத்திருந்தவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போனபின், ஒரு கிடங்கின் மதில் ஓரத்தில் மிஞ்சிய பட்டையில் மாடு கட்டியிருந்தார். பகலில் ஒரு கம்பெனி ஸ்டோரில் காண்ட்ராக்ட் வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் விடிகாலை மாட்டைக் குளிப்பாட்டி ஓட்டிவந்து, லிஃப்டில் ஏற்றி, வீட்டுக்குள் நடக்கவிட்டு, ஷிஃப்டுக்கு முன்னால் திரும்ப ஓட்டிப்போய்விடுவார். நாங்கள் அவரை மாட்டுக்காரர் என்போம். அவர் எங்களை ஃபிளாட்டுக்காரர் என்பார். இரண்டு பக்கமும் கணக்குச் சரி.

என் வீட்டுக்கும் அதே பசுதான் வந்தது. ஹாலில் பிரிக்காமல் கிடந்த புத்தகப் பெட்டிக்குள் தலையைவிட்டு, ஒரு கவிதைத் தொகுப்பின் முன்னுரையைத் தின்றது. அந்த முன்னுரையை முழுதாக ஜீரணித்த ஒரே ஜீவன் என்று அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

மத்தியானத்துக்குள் குழு பற்றிக்கொண்டது. ஒருவர் வீட்டில் குளியலறைக் கசிவு பால் காய்ச்சிய அன்றே ஆரம்பித்ததாம். இன்னொருவருக்கு அப்ரைசலில் சம்பளம் ஏறாததற்கு இப்போதுதான் காரணம் விளங்கியதாம். பரிகாரம் உண்டா என்று ஒருவர் கேட்க, மறுபடி பால் காய்ச்ச வேண்டும் என்று ஒருவர் சொல்ல, அதற்கு எந்த மாடு என்று ஒருவர் கேட்க, சாயங்காலம் சங்கச் செயலாளர் என் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சொல்லிப் பிழைத்தவருக்கு, நிஜமாகவே ஒன்று நடந்ததும் கைகால் ஓடவில்லை.

“சார், வெள்ளிக்கிழமை ஆறாவது மாடியில ஒரு கிரகப்பிரவேசம் இருக்கு. அந்த மாட்டை உள்ளே விடறதா வேண்டாமா? வியாழக்கிழமை மீட்டிங் போட்டிருக்கேன். நீங்க அந்த மாட்டோட பூர்வீகத்தைப் படிச்சிட்டு வந்து சொல்லணும்.”

“நான் கால்நடை டாக்டர் இல்லையே சார்.”

“வீடு பூரா புஸ்தகமா வெச்சிருக்கீங்களே, அதுக்குத்தான்.”

அவர் போனதும் என் மனைவி சொன்னாள்: “ஏங்க, கல்யாணம் பேசும்போது எங்கப்பா உங்க பூர்வீகத்தைக் கூட இவ்வளவு விசாரிக்கல.”

மறுநாள் வேலை முடிந்து வரும்போது கேட்டருகே மாட்டுக்காரர் நின்றிருந்தார். வாட்சுமேன் மூலமாக விஷயம் அவருக்குப் போயிருந்தது.

“இன்னா சார், நம்ம மாடு ஃபாரின்காரின்னு சொல்லிகினு கீறாங்களாமே?”

“படம் ஒண்ணு வந்திருக்குங்க. பார்க்க அதே மாதிரி இருக்கு.”

செல்போனை வாங்கிப் பார்த்தார். வலது பக்கத்து மாட்டை வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் கீது. தீனி நல்லாப் போடறானுங்க” என்று திருப்பித் தந்தார். பிறகுதான் அவர் வந்த காரியம் தெரிந்தது.

“சார், இது கறக்கறது காப்பிக்குத்தான் ஆவும். இந்தப் பூஜை இல்லாங்காட்டி இத்தக் கட்டிவெச்சித் தீனி போட எனக்கு வழியில்ல. மத்த ஃபிளாட்டுக்காரங்களும் வாட்ஸப்பு பாத்துட்டு வேணான்டாங்க. வாலாஜாபாத்து பக்கம் ஒரு யாவாரி கேட்டுக்கினே கீறான். வெள்ளிக்கெழம வந்து பாக்கறேன்னு சொல்லிக்கீறான்.”

“வளர்க்கவா கேக்கறார்?”

என்னைப் பார்த்தார். பயிற்சிப் பிரிவில் நான் டிப்ளமோக்காரர்களைப் பார்க்கும் அதே பார்வை.

“வளக்கறதுக்கு யாரு சார் குட்ட மாட்ட வாங்குவா?”

நான் உண்மையில் அதிர்ந்தது அப்போதுதான். இந்தப் பசு யார் தட்டுக்கும் போகாமல் இத்தனை காலம் வீடு வீடாகப் புகுந்து வாசம் செய்திருக்கிறது. கறிமாடு என்று நாங்கள் எழுதிவிட்டோம். எழுதியதாலேயே இப்போது அது கறியாகப் போகிறது. எழுத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்று நான் எழுதும் எதிலும் கண்டதில்லை.

மூன்று நாளும் படித்தேன். கம்பெனியில் டீ நேரத்தில், வீட்டில் சாப்பாட்டு நேரத்தில். ஓர் இனத்தின் பூர்வீகம் என்றால் நான் எதிர்பார்த்தது வேறு. ஒரு ராஜா, ஒரு மலை, வரமளித்த ஒரு முனிவர், குறைந்தபட்சம் கப்பலில் வந்த ஒரு துரை. லோலைனுக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்தது ஒரு சோதனை.

ஆஸ்திரேலியாவில் ஒரு அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே ஸ்காட்லாந்து வழிவந்த ஆங்கஸ் என்ற கருப்புக் கறிமாட்டு மந்தை ஒன்று. பெரிய மாடு லாபமா, சின்ன மாடு லாபமா, தின்ற புல்லுக்குச் சரியாகக் கறி தருவது எது என்று விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் வந்தது. மந்தையை மூன்றாகப் பிரித்தார்கள். வேகமாக வளரும் கன்றுகள் ஒரு வரிசை. மெதுவாக வளரும் கன்றுகள் ஒரு வரிசை. மூன்றாவது வரிசையில் எதையும் பார்க்காமல் கைக்கு வந்ததைச் சேர்த்தார்கள், ஒப்பிடுவதற்காக. அந்தந்த வரிசைக்குள்ளேயே இனம் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக அளந்துகொண்டே போனார்கள்.

படித்துக்கொண்டிருந்த கேன்டீன் மேசையிலேயே நான் சற்றுத் திகைத்துப்போனேன். தலைமுறை தலைமுறையாக, உள்ளதிலேயே மெதுவானதைத் தேடிப் பிடித்து, அதற்கு இன்னொரு மெதுவானதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் இதைக் காசு வாங்காமலே செய்கிறார்கள். அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னை அந்தப் பண்ணையில் விட்டிருந்தால் எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார்கள் என்றும் யோசித்தேன். மெதுவான வரிசை என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு வந்த பதவி உயர்வுகளை எண்ணிப் பார்த்தபின், கைக்கு வந்ததைச் சேர்த்த மூன்றாவது வரிசை என்று முடிவுசெய்தேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் எனக்குப் பெரிய அடி. அந்த மெதுவான வரிசை மாடுகள் குட்டையாகி, குட்டையாகவே நிலைத்துவிட்டன. நோஞ்சான்கள் இல்லை, கட்டுக்குட்டான மாடுகள். குறைவாகத் தின்று, தின்றதற்குத் தக்கபடி நன்றாகவே சதை வைத்தன. தோற்கும் என்று பலரும் நினைத்த கட்சி தோற்கவில்லை. ஆனால் சோதனை முடிந்துவிட்டது. முடிந்த சோதனையின் மாட்டை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? மொத்த மந்தையையும் தீர்த்துவிடுவதாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலர் தடுத்துக் கேட்டிருக்கிறார்கள். ஏலம் விட்டார்கள், ஆளுக்குக் கொஞ்சம் ஓட்டிப்போனார்கள். இன்று ஓர் இனம் என்று உலகம் சொல்வது, அன்று ஏலத்தில் தப்பிய மிச்சம்.

வீட்டில் சொன்னேன். மனைவி குழம்புக் கரண்டியோடு நின்று கேட்டாள். “கடைசியில அங்கயும் நாலு பேர் கேட்டாத்தான் உயிர் பிழைக்குதா” என்றாள்.

வியாழக்கிழமை ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து ஹாலில் கூட்டம். பராமரிப்புச் செலவுக் கூட்டத்துக்கு வராத முகங்களெல்லாம் வந்திருந்தன. மாட்டுக்காரரையும் செயலாளர் வரச் சொல்லியிருந்தார். அவர் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, “பரவால்ல சார், மாடு வெளில நிக்கிது” என்றார். எட்டிப் பார்த்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்கிங்கில் செயலாளரின் ஸ்கூட்டர் சீட்டை நக்கிக்கொண்டிருந்தார்.

நான் படித்ததைச் சொன்னேன். மூன்று வரிசை, ஏலம், மிச்சம், எல்லாம். கேட்டார்கள். முடித்தபோது ஒரே ஒரு கேள்விதான் வந்தது: “சரி சார், நம்ம மாடு அதுவா, இல்லையா?”

“ஆஸ்திரேலியாவில் இருந்து மாடு பிள்ளைப்பாக்கத்துக்கு வர வழியில்லை” என்றேன்.

இரண்டாம் மாடிக்காரர் எழுந்தார். “சார், நான் மாட்டைக் குறை சொல்லல. ஆனா கொம்பைப் பாருங்க. ஆங்கஸ் ஃபேமிலிக்குப் பிறக்கும்போதே கொம்பு கிடையாது. நம்ம ஊர் மாட்டுக்குக் கொம்பு இருக்கணும் இல்லையா? இதுக்கு ஏன் இல்ல?”

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று நாள் படித்ததில் ஆஸ்திரேலியாவின் மந்தை முழுக்கத் தெரிந்திருந்தது, வெளியே நிற்கும் ஒரு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் கதவைப் பார்த்தோம்.

மாட்டுக்காரர் ஒருமுறை செருமினார். “இதோட அம்மா சித்தூர் பக்கத்துக் குட்ட மாடு சார். எங்க மாமனாரு வூட்ல குடுத்தது. அப்பன் எங்க ஊருக் காள. நெலம் விக்கறதுக்கு மின்ன ரோட்ல சுத்திகினு இருந்துது, கருப்பா. இதுக்கும் கொம்பு மொளைக்க வேண்டியதுதான். நீங்கதான வேணான்டீங்க.”

“யாரு?” என்றார் செயலாளர்.

“நீங்கதான் சார். மொத மொத இதோட அம்மாவத்தான லிஃப்ட்ல ஏத்தினேன்? அது கொம்பால லிஃப்ட்டு செவுத்துல கீச்சி வுட்டுச்சி. புது ஸ்டீலு பாழாச்சின்னு குதிச்சீங்க. கொம்பில்லாத மாடு ஓட்டியா, இல்லாங்காட்டி கேட்டாண்ட வராதன்னு சொன்னீங்க. இது அப்ப கன்னுக்குட்டி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி, கொம்பு மொளைக்கிற எடத்த சுட்டு எடுத்தேன். அது கத்தின கத்து இன்னும் காதுல கீது.”

லிஃப்டின் வலது சுவரில் வளைந்து வளைந்து ஒரு கீறல் உண்டு. நான் குடிவந்த நாள் முதல், சோபா ஏற்றியவன் எவனோ செய்ததென்றுதான் நினைத்திருந்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாம் மாடிக்காரர் மெதுவாக, “சாரி, எனக்குத் தெரியாது” என்றார். நிஜமாகவே வருந்தினார்.

தீர்ந்தது என்று நினைத்தேன். பசு நம்முடையது, கொம்பெடுத்தது நாம், வழக்கு தள்ளுபடி. செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “கொம்பைச் சுட்டுட்டாங்கன்னா அங்கஹீனம் இல்லையா சார்? அங்கஹீனமான பசுவைப் பூஜைக்கு விடலாமா?”

நான் அப்படியே நாற்காலியில் விழுந்தேன். கொம்பில்லாமல் பிறந்திருந்தால் அந்நிய மாடு, ஆகாது. கொம்போடு பிறந்து நாம் எடுத்திருந்தால் ஊனமான மாடு, ஆகாது. கொம்போடு வந்தால் லிஃப்டுக்கு ஆகாது. அந்த விஞ்ஞானிகளாவது மூன்று வரிசை வைத்திருந்தார்கள். மூன்றுக்கும் புல் போட்டார்கள். எங்களிடம் மூன்று வரிசையும் ஒரே இடத்துக்குப் போயின. இன்னும் திகைப்பு என்னவென்றால், நிறையப் பேர் தலையசைத்தார்கள். அதில் எனக்கு இரவல் புத்தகம் தந்தவர்களும் உண்டு.

“ஐயரைக் கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேன்” என்றார் செயலாளர். “பசுன்னா பசுதான், எனக்கு அன்னைக்கே குன்றத்தூர்ல இன்னொரு ஃபங்ஷன் இருக்கு, லிஃப்ட் டயத்துக்கு வருமா அதைச் சொல்லுங்கன்னார்.”

“அவர் ஒத்துண்டா மட்டும் போதுமா?” என்றது பின்வரிசை.

அப்போதுதான் ஆறாம் மாடிக்காரம்மா உள்ளே வந்தாள். மறுநாள் பால் காய்ச்ச வேண்டியவள். செல்போன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. பக்கத்து நாற்காலிக்காரர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, நின்றுகொண்டே கேட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் மாட்டுக்காரரைப் பார்த்துப் பேசினாள்.

“அண்ணா, நாளைக்கு எத்தினி மணிக்கு வருவீங்க?”

“வரலாமாம்மா?”

“உங்களத்தான கேக்கறேன்.”

செயலாளர் குறுக்கிட்டார். “அதுக்குத்தாம்மா டிஸ்கஷன் போயிண்டிருக்கு. வெள்ளியில ஒரு பசு செஞ்சு வச்சுக்கலாம்னு ஒரு ஐடியா கூட...”

“சார், அந்த வூடு நான் ஓவர்டைம் பாத்து வாங்கினது. நாளைக்கு லீவு வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெள்ளிப் பசு நடந்து வருமா? நான் அதக் கையில தூக்கினு போவணும். அப்ப மொதல்ல போனது பசுவா, நானா?”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“கொம்பச் சுட்டது நாம. இப்ப கொம்பு இல்லன்னு தள்றதும் நாமளா? எங்க லைன்ல ஒரு பொண்ணுக்கு மெஷின்ல விரல் போச்சி. விரல் இல்லன்னு கம்பெனி வேலைய விட்டுத் தூக்குச்சி. அன்னைக்கு நீங்கல்லாம் வாட்ஸப்புல எவ்ளோ கோவப்பட்டீங்க?”

நானும் அன்று கோபப்பட்டவன்தான். நீளமாக எழுதியிருந்தேன்; உவமைகூட இருந்தது.

“யாருக்கும் வேணாம்னா வேணாம். எங்க வூட்டுக்கு அந்த மாடுதான் வரும்” என்றாள். மாட்டுக்காரரைத் தாண்டும்போது, “சீக்கிரம் வந்துடுங்கண்ணா, எனக்குப் பூசணிக்கா உடைக்கவும் ஆளில்ல” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். தீர்மானம் எதுவும் போடாமல் கூட்டம் கலைந்தது. எங்கள் சங்கத்தில் ஒரு விஷயம் முடிவாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை நான் இறங்கிப் போனபோது, யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். கீழே செயலாளர் நின்றிருந்தார். கையில் பழைய ஜமுக்காளம். லிஃப்ட் தரையில் தானே குனிந்து விரித்தார். “வழுக்கிடக் கூடாது பாருங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இரண்டாம் மாடிக்காரர் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு நின்றார். அதை எங்கே வாங்கினார், அந்த நேரத்தில் யார் விற்றார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மாட்டுக்காரர் ஓட்டிவந்தார். பசு தயங்காமல் லிஃப்டுக்குள் போய், பழக்கப்பட்ட ஆளைப் போல் கதவுப் பக்கம் திரும்பி நின்றது. பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நானும் ஏறினேன். கிட்டத்தில் பார்த்தபோது கொம்பு வரவேண்டிய இரண்டு இடங்களிலும் மயிர் முளைக்காத காசளவுத் தழும்புகள் தெரிந்தன. என் வீட்டுக்குள் வந்த அன்று நான் அதைப் பார்க்கவில்லை. முன்னுரை போனதை மட்டும்தான் பார்த்தேன்.

ஆறாம் மாடியில் ஆறாம் மாடிக்காரம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். முந்தைய நாள் பார்த்தவள்தானா என்று சந்தேகம் வந்தது. பசு வாசலில் ஒருகணம் நின்று புதுப் பெயிண்ட் வாசனையை மோந்துவிட்டு, உள்ளே போயிற்று. ஹால், அடுக்களை, படுக்கை அறை என்று ஒரு சுற்று வந்து, பளபளக்கும் தரையின் நட்டநடுவில் சாணி போட்டது. அந்த அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “திவ்யம், திவ்யம், சீக்கிரம் பாலை வையுங்கோ” என்றார்.

பால் பொங்கும்போது எண்ணிப் பார்த்தேன். நேற்றுத் தலையசைத்தவர்களில் பாதிப்பேர் ஹாலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று அதிர்ந்ததைவிட அதிகமாக அதிர்ந்தேன். செயலாளர் காபி டம்ளரோடு மாட்டுக்காரரின் பக்கத்தில் போய் நின்று, சி பிளாக்கில் அடுத்த மாதம் மூன்று வீடு இருக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் மாட்டுக்காரரின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. காதில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாலும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

“ஆங், சொல்லு... வந்துட்டியா? கொட்டாயாண்டயா நிக்கிற?... இல்லப்பா, அங்க இல்ல. இங்க ஆறாவது மாடில கீது... இன்னாது, வெலயா? வெலையெல்லாம் பேசாத. நீ கெளம்பு.”

மறுமுனை ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தார். பசு, இரண்டாம் மாடிக்காரர் நீட்டிய கீரையை அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

“இப்ப பாக்க முடியாதுப்பா” என்றார் போனில். “மாடு டூட்டில கீது.”